பழைய வீட்டை இடிக்கும் முன் ஒரு நிமிஷம்

(உலகப் பாரம்பரிய வாரத்தையொட்டி நூலகம் ஒன்றில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



முதல்ல ஒரு சின்ன வேலை. போனைக் கையில எடுங்க, கேலரியைத் திறங்க. உங்க தாத்தா பாட்டி வாழ்ந்த வீடு இருக்குல்ல, அதோட முகப்பு முழுசாத் தெரியற மாதிரி ஒரே ஒரு போட்டோவைத் தேடுங்க.

நான் போன மாசம் தேடினேன். கிடைக்கலை. வாசல்ல எடுத்த கல்யாண போட்டோ நிறைய இருந்தது. அதுல மாமா தெரியறார், பந்தல் தெரியுது, வீடு தெரியலை. திண்ணையில உட்கார்ந்து எடுத்த செல்ஃபி இருந்தது. அதுல என் முகம்தான் இருக்கு. திண்ணைத் தூண் காது ஓரமா ஒரு விரல் அளவுக்குத் தெரியுது. நூறு வருஷத்தை நெருங்கும் ஒரு வீட்டுக்கு எங்க குடும்பத்துல இருக்கற சாட்சி அவ்வளவுதான்.

ஏன் தேடினேன்னு சொல்லணும். மயிலாடுதுறை பக்கம் எங்க அப்பாயி இருந்த வீடு அது. அப்பாயி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. வீடு பூட்டியே கிடக்கு. இப்போ அதுக்கு ஏழு பேர் பங்குதாரர்கள். இடிச்சு மனையா வித்துடலாம்னு நாலு பேர், வேண்டாம்னு ரெண்டு பேர். ஏழாவது ஆள் எங்க பெரியப்பா. அவர் எந்தப் பக்கமும் சொல்லலை. எனக்கு போன் பண்ணி, "பாப்பா, நீ கவர்மென்ட் பத்திரிகையில எழுதறவதானே? பழைய கட்டடத்தையெல்லாம் காப்பாத்தறதுக்குன்னு ஒரு சங்கம் இருக்காமே. அவங்க என்ன செய்வாங்க, பணம் தருவாங்களா, கேட்டுச் சொல்லு. தைக்குள்ள முடிவு எடுக்கணும்"னு சொன்னார்.

இன்னிக்கு நான் உங்ககிட்ட பேசப் போறது பெரியப்பாவுக்குத் தேடிய பதில்தான். உங்க வீட்டுலயும் இதே கேள்வி இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வரும்.

அந்தச் சங்கம் எது?

பெரியப்பா சொன்ன அமைப்பின் பெயர் இன்டாக். கலை மற்றும் பண்பாட்டுப் பாரம்பரியத்துக்கான இந்திய தேசிய அறக்கட்டளை என்பது அதன் முழுப் பெயர். 1984 ஜனவரியில் புது தில்லியில், சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட லாப நோக்கமில்லாத அமைப்பு அது. நாடு முழுக்கக் கிளைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். கட்டடக் கலைஞர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள், மாணவர்கள் என்று பல பேர் தன்னார்வலர்களாக வேலை செய்வார்கள். நீங்களும் உறுப்பினர் ஆகலாம்.

ஏற்கெனவே தொல்லியல் துறை இருக்கே, இன்னொரு அமைப்பு எதுக்குன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்கள் நாடு முழுக்க ஏறத்தாழ 3,700. அதுக்கு மேல, 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின் கீழ் நம்ம மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்கள் தனி. பெரிய கோயில், கோட்டை, குடைவரை எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். உங்க ஊர் பழைய பள்ளிக்கூடம், ரயில் நிலையம், சத்திரம், அச்சகம், ஜின்னிங் மில், அக்ரகாரத்து வீடு, செட்டியார் வீடு, ராவுத்தர் வீடு? இதில் பெரும்பாலானவை எந்தக் கணக்கிலும் இல்லை. தனியார் சொத்து. உரிமையாளர் நினைத்தால் ஒரு ஜேசிபி போதும், ஒரு பகல் போதும்.

அந்த இடைவெளியில்தான் இன்டாக் மாதிரி அமைப்புகள் வேலை செய்கின்றன. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். அவங்களுக்கு சீல் வைக்கும் அதிகாரம் கிடையாது. யாரையும் தடுத்து நிறுத்த உத்தரவு போட முடியாது. எல்லா வீட்டையும் விலைக்கு வாங்கிப் பாதுகாக்கப் பணமும் கிடையாது.

அப்புறம் என்னதான் செய்யறாங்க? முதல் வேலை, பட்டியல் எடுப்பது. தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு படிவம் போடுவார்கள். எங்கே இருக்கிறது, எந்தக் காலத்தில் கட்டியது, யாருடையது, எதனால் கட்டியது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதில் என்ன சிறப்பு என்று எழுதி, போட்டோவும் சேர்த்து வைப்பார்கள். கேட்கிறதுக்குக் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இன்டாக் காப்பாற்றிய கட்டடங்களின் கதையைப் படிக்கப் படிக்க, எல்லாம் இந்தக் காகிதத்தில்தான் தொடங்குகிறது என்று புரிந்தது.

சென்னை பார்த்த தீ, சென்னை பார்த்த வழக்கு

சென்னை கதையை எடுத்துக்குவோம். 1983-ல் அண்ணா சாலையில் பழைய ஸ்பென்சர் கட்டடம் தீயில் போனது. ரெண்டே வருஷத்தில், 1985-ல், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகக் கடைக்கும், பொம்மைக் கடைக்கும், பறவைக் கடைக்கும் அங்கே போய் வந்த தலைமுறை இன்னும் நம்ம நடுவுல இருக்கு. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, கண் கலங்கிடுவாங்க. ரெண்டுமே கண் முன்னாடி போன கட்டடங்கள். ஊர் வருத்தப்பட்டது. வருத்தப்பட்டதோடு சரி.

அடுத்தது 1993. மெரினா கடற்கரைக்கு எதிரே, காமராஜர் சாலையில், காவல்துறைத் தலைமையகம் இருக்கிறதே, வெள்ளைத் தூண்களோடு நிற்கும் கட்டடம், அதைப் பார்த்திருப்பீங்க. 1839-ல் மேசன்கள் சங்கத்துக்காகக் கட்டப்பட்டது. பிறகு காவல்துறை வசம் வந்தது. காவல்துறை வளர வளர இடம் போதவில்லை. அந்த இடத்தில் புதிதாகப் பல மாடிக் கட்டடம் கட்டலாம் என்ற திட்டம் 1993-ல் வந்தது. இன்டாக் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. முடிவில், இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. பழைய கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. இன்றைக்கும் அங்கேதான் தலைமையகம் இயங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, தடுத்ததும் மக்கள் அமைப்பு, புதுப்பித்ததும் பயன்படுத்துவதும் அரசு. ரெண்டு பேரும் சேர்ந்ததால்தான் அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன.

மூன்றாவது, அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897-ல் ஒரு மருந்து நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. மினார் மாதிரிக் கூர்மையான கோபுரங்கள், வளைவுகள் என்று இந்தோ-சாரசெனிக் பாணியில் இருக்கும். 2006-ல் அதை இடிக்கும் வேலை தொடங்கியது. இன்டாக் மறுபடி நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடை கிடைத்தது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, அந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்றது. பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்க ஒரு பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரே கட்டடத்துக்காகப் போட்ட வழக்கு, சென்னையில் பட்டியலில் இருந்த 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பற்றிய பேச்சாக மாறியது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது.

நீதிமன்றத்தில் "இது முக்கியமான கட்டடம்"னு ஒருத்தர் எழுந்து சொன்னால், அடுத்த கேள்வி "யார் சொன்னது?" என்பதுதான். அப்போது மேஜையில் வைக்க ஒரு பட்டியல் வேணும், ஒரு வரலாற்றுக் குறிப்பு வேணும், பழைய போட்டோ வேணும். முன்னாடியே யாரோ நடந்து நடந்து எழுதி வைத்த காகிதம் அன்றைக்குத்தான் பேசும்.

தடை உத்தரவு கூரையை ஒட்டாது

இதோடு பேச்சை முடித்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையாக இருக்காது.

பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் தீர்ப்புக்குப் பிறகும் பல வருஷம் பாழடைந்த நிலையிலேயே நின்றது. இடிக்கக் கூடாது என்று உத்தரவு போடலாம். "மழைத் தண்ணீரே, உள்ளே வராதே"ன்னு உத்தரவு போட முடியாதே. ஆள் புழங்காத வீடு தானாகவே விழும் என்று நம்ம ஊரில் சொல்வாங்க. விளக்கேற்றாத வீடு வீடில்லை என்று அப்பாயி சொல்லும்.

இதுக்குப் புதுச்சேரியில் ஒரு பெரிய பாடம் இருக்கு. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகரமன்றக் கட்டடம், 'மேரி'ன்னு சொல்வாங்க. அதன் மதிப்பு ஊருக்கே தெரியும், அரசுக்கும் தெரியும். ஆனாலும் பழுதடைந்து நின்றது. 2014 நவம்பரில் அடைமழை. கட்டடம் சரிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியுதவியோடு அதே இடத்தில், அதே தோற்றத்தில் மறுபடி கட்டி, 2021-ல் திறந்தார்கள். இப்போது போய்ப் பார்த்தால் அழகாகவே இருக்கும். ஆனால் அது புதுக் கட்டடம். பழையதை மழை கொண்டுபோய்விட்டது. காலத்தில் செய்திருந்தால் கூரைப் பழுதோடு போயிருக்கும். தாமதத்தால் முழுக் கட்டடத்தையும் கட்ட வேண்டியதாகிவிட்டது.

நேர் எதிரான உதாரணமும் சென்னையிலேயே இருக்கு. சேப்பாக்கம் அரண்மனையின் கலாஸ் மகால் 2012-ல் தீ விபத்தில் கடுமையாகச் சேதமானது. இடித்துவிடத்தான் வேண்டும் என்று நினைக்கிற அளவுக்குச் சேதம். நம்ம பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்பும் மரமுமாகப் பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. எரிந்த கட்டடத்தையே மீட்க முடியும்போது, ஒழுகுகிற வீட்டை மீட்க முடியாதா?

ஒரு வீதியே மீண்ட கதை

பெரியப்பாவின் ரெண்டாவது கேள்வி, "பணம் தருவாங்களா?" அதுக்கும் புதுச்சேரிக்குத்தான் போகணும்.

புதுச்சேரின்னாலே மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் இருக்கும் பிரெஞ்சு வீதிகள்தான் இன்ஸ்டாவில் வரும். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த வீதிகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் வாசலில் தாழ்வாரம் இருக்கும். வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க. அதை ஒட்டித் திண்ணை, உள்ளே முற்றம். சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் வீடாகவும், மாடி பிரெஞ்சு பாணியிலும் இருக்கும். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு கலவையை லேசில் பார்க்க முடியாது. இந்த வீடுகள்தான் வேகமாகக் குறைந்துகொண்டே வந்தன.

அதில் வைசியாள் வீதி என்று ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், 2002 முதல் 2004 வரை, புதுச்சேரி அரசும் இன்டாக் கிளையும் பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் ரெண்டு சிறு நகரங்களோடு கைகோத்து இந்த வீதியை எடுத்துக்கொண்டன. ஒரு வீட்டை மட்டும் காட்சிப் பொருள் மாதிரி அழகாக்காமல், வீதியின் முகத்தையே வரிசையாக மீட்பது என்று முடிவு செய்தார்கள். முகப்புகள் பழுதுபார்க்கப்பட்டன. போன தாழ்வாரங்கள் திரும்பின. செலவு பகிர்ந்துகொள்ளப்பட்டது. திட்டத்திலிருந்து ஒரு பங்கு, உரிமையாளர் பையிலிருந்து ஒரு பங்கு. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் இந்த வீதி இடம்பிடித்தது.

எனக்கு அந்த விருதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பங்கு. முழுசும் இலவசம் என்றால் உரிமையாளர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவார். முழுசும் உங்க தலையில் என்றால் "இடிச்சுத் தள்ளுங்கப்பா"ன்னு போயிடுவார். பாதி வழி நீங்க வாங்க, பாதி வழி நாங்க வர்றோம் என்று சொன்னபோது வீட்டுக்காரர்கள் முன்வந்தார்கள். "எங்க வீட்டுக்கு இவ்வளவு மதிப்பா?" என்ற எண்ணமே பலருக்கு அப்போதுதான் வந்திருக்கும்.

எல்லா ஊரிலும் இப்படித் திட்டம் இருக்கிறதா? இல்லை. அதனால் பெரியப்பாவிடம் "பணம் வரும்"னு நான் சொல்லலை. "ஆலோசனை கேட்கலாம். எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாது, யார் அந்த வேலை தெரிந்த கொத்தனார்னு வழி கேட்கலாம்"னு சொன்னேன். அதுவே எவ்வளவு பெரிய உதவின்னு இப்போ சொல்றேன்.

பழைய வீட்டைக் கொல்வது எது?

வயசு இல்லைங்க. தண்ணீரும், நல்லெண்ணமும்.

தண்ணீர் சரி, நல்லெண்ணம் எப்படி? எங்க வீட்டுக் கதையே சாட்சி. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பாயி வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்தது. அப்பா கடன் வாங்கி, பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுத்தி நல்ல கெட்டியாக சிமென்ட் பூசினார். பெயின்டும் அடித்தார். அம்மாவுக்குச் செய்த கடமை என்று அவருக்குப் பெருமை. மூணே மழைக்காலம். இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. அப்பாயி அந்தச் சுவர் பக்கம் பாய் போடறதை நிறுத்திடுச்சு.

காரணம் இதுதான். பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்பும். தரையிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்துவிடும். சுவர் மூச்சு விடும் என்று கொத்தனார்கள் சொல்வது அதைத்தான். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அதோடு வந்த உப்பு செங்கலுக்குள் படியும். செங்கல் மாவு மாவாக உதிரும். வெளியே பார்க்கச் சுவர் பளபளன்னு இருக்கும், உள்ளே அரிச்சுக்கிட்டே வரும். பழைய கட்டடங்களுக்கு சிமென்ட் பூச்சு வேண்டாம் என்று பாதுகாப்பு நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இது தெரிந்த ஒருத்தரை அப்பா அன்றைக்குக் கேட்டிருந்தால், அந்தக் கடனில் பாதியில் சுண்ணாம்புப் பூச்சே முடிந்திருக்கும்.

கூரையும் அப்படித்தான். பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் பார்த்திருப்பீங்க. மர உத்தரம், அதன் மேல் சின்னக் கட்டைகள், அதன் மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக, சாய்வு வரிசையில் சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியாகத் தட்டோடு. ஒரு ஓடு விரிந்தால் அந்த ஓட்டை மாற்றினால் போதும். விட்டுவிட்டால் தண்ணீர் உத்தரத்தின் நுனிக்குப் போகும். சுவருக்குள் செருகியிருக்கும் அந்த நுனி, யார் கண்ணுக்கும் தெரியாமல் இற்றுப்போகும். ஒருநாள் தளம் இறங்கும். "திடீர்னு விழுந்துடுச்சு"ன்னு பேப்பரில் வரும். திடீர்னு எதுவும் விழவில்லை.

மூன்றாவது எதிரி அரசங்கன்று. காக்கை போட்ட விதை, கைப்பிடிச் சுவர் இடுக்கில் ரெண்டு இலை விடும். சுண்டு விரல் அளவில் இருக்கும்போது வேரோடு எடுத்து, அந்த இடுக்கைச் சுண்ணாம்பால் அடைப்பது பத்து நிமிஷ வேலை. அஞ்சு வருஷம் கழித்து அதே வேர் சுவரைப் பிளக்கும். மரத்தை எடுத்தால் சுவரும் கூடவே வரும்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு

பழைய வீட்டை இடிப்பவர்களைத் திட்டுவதற்காக நான் இங்கே நிற்கலை. எங்க சித்தப்பா கேட்டார்: "ரெண்டு கட்டு தாண்டிப் போனாத்தான் கழிப்பறை. ராத்திரி வௌவால். பழைய வயரிங், தொட்டா ஷாக். பட்டணத்துல பொண்ணைக் கட்டிக்கொடுக்க எனக்குப் பணம் வேணும். உனக்கு அந்த வீடு நினைவு, எனக்கு அது சொத்து." இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. உணர்ச்சி பேசறவங்க பராமரிப்புச் செலவுல பங்கு போடறதில்லைங்கறது உண்மைதானே?

ஆனால் அவரிடம் ரெண்டு கேள்வி கேட்டேன். ஒன்று, கழிப்பறை தூரம் என்பதற்கு வீட்டையே இடிக்கணுமா? பழைய வீட்டுக்குள் புதிய குழாயும் வயரிங்கும் போடலாம். புதுச்சேரியிலும் செட்டிநாட்டிலும் எத்தனையோ பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக, உணவகங்களாக நடக்கின்றன. திண்ணையும் முற்றமும் அப்படியே இருக்க, குளியலறை இன்றைய குளியலறையாக இருக்கிறது. எல்லா ஊருக்கும் சுற்றுலாப் பயணி வரமாட்டார், ஒத்துக்கறேன். ஆனால் ஒரு டியூஷன் சென்டர், ஒரு கிளினிக், ஒரு அலுவலகம், ஒரு வாடகைக் குடித்தனம் எந்த ஊரிலும் வரும். ஆள் புழங்கினால் போதும்.

ரெண்டாவது, இடித்தால் என்ன கிடைக்கும் என்று முழுக் கணக்குப் போட்டீங்களா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், இடித்த வீடுகளின் தூண், கதவு, ஜன்னல், விளக்கு, எனாமல் பாத்திரம் எல்லாம் கடை கடையாக இருக்கும். இடித்தபோது வீட்டுக்காரர் கைக்கு வந்த விலைக்கும், அந்தத் தூண் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறைக்குப் போகும்போது உள்ள விலைக்கும் இருக்கிற தூரத்தை யோசிங்க. வீடாக நின்றபோதுதான் அந்தத் தூணுக்கு உரிமையாளர் நீங்க.

சித்தப்பா பதில் சொல்லலை. ஆனால் கோபமும் படலை.

உங்க போனில் இன்றைக்கே செய்யக்கூடியவை

இன்டாக் செய்யும் முதல் வேலை பட்டியல் எடுப்பது என்று சொன்னேன் இல்லையா? அதை உங்க வீட்டுக்கு நீங்களே செய்யலாம். கருவி கையிலேயே இருக்கு.

முதலாவது, போட்டோ. எதிர்வாடையில் நின்று முழு முகப்பு. நாலு மூலையிலிருந்தும் ஒன்று. ஒவ்வொரு அறையும், கூரையின் அடிப்பாகமும், மொட்டை மாடியும், விரிசல்களும். விரிசல் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்க, அளவு தெரியும். ஆறு மாசம் கழித்து அதே இடத்தில் அதே மாதிரி இன்னொன்று எடுங்க. விரிசல் வளருதா, நின்னுடுச்சா என்று அதிலேயே தெரிந்துவிடும். எடுத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடறதோட நிறுத்தாம, கூகுள் டிரைவ் மாதிரி ஓர் இடத்திலும் சேமியுங்க. வாட்ஸ்அப்பில் போட்டோவின் தரம் குறையும். போனும் ஒருநாள் மாறும்.

ரெண்டாவது, குரல். வீட்டில் மூத்தவங்களை அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டு வீடியோ எடுங்க. "இது எந்த அறை, யார் கட்டினது, மரம் எங்கேயிருந்து வந்துச்சு?" அவங்க சொல்றதுல பாதி வேறு எங்கேயும் எழுதியிருக்காது.

மூணாவது, ஆவணம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டா விவரத்தை வருவாய்த் துறையின் நில ஆவணத் தளத்தில் பார்க்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், பல பழைய வீடுகள் விழுவதற்கு உண்மையான காரணம் ஓட்டை ஓடு கிடையாது, பங்காளித் தகராறு. யார் பெயரில் இருக்குன்னே தெரியாத வீட்டுக்கு யாரும் ஓடு மாற்ற மாட்டாங்க.

நாலாவது, மழைக்கு முந்தின சோதனை. ஐப்பசிக்கு முன் ஒருமுறை மொட்டை மாடி ஏறுங்க. தண்ணீர் போகும் தூம்புவாயைச் சுத்தம் செய்யுங்க. அரசங்கன்றைப் பிடுங்குங்க. உடைந்த ஓட்டை மாற்றுங்க. அடுத்த வருஷத்துக்கு இப்போதே போனில் நினைவூட்டல் வையுங்க.

அஞ்சாவது, கேளுங்க. சிமென்ட் மூட்டை இறக்குவதற்கு முன் பக்கத்தில் உள்ள இன்டாக் கிளையையோ, பழைய கட்டட வேலை தெரிந்த பொறியாளரையோ கேளுங்க. சென்னைப் பெருநகர எல்லைக்குள் இருக்கிறவங்க, உங்க கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சிஎம்டிஏ-விடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆறாவது, பொதுக் கட்டடம். உங்க ஊர் பழைய பள்ளிக்கூடமோ, தாலுகா அலுவலகமோ ஒழுகுதுன்னா, படத்தைப் போட்டுப் புலம்பறதோட விடாதீங்க. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-ல் சொல்லுங்க. மனு எண்ணைக் குறித்து வையுங்க. என்ன நடந்தது என்று தெரியணும்னா, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. ஒழுகும்போது சொன்னால் அது பராமரிப்புச் செலவு. விழுந்த பிறகு சொன்னால் அது செய்தி.

பெரியப்பாவுக்குச் சொன்னது

நாங்க என்ன முடிவு எடுத்தோம்னு கேட்பீங்க. இன்னும் எடுக்கலை. தை வரைக்கும் நேரம் இருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் பெரியப்பாவும் ஊருக்குப் போனோம். பூட்டு துருப்பிடிச்சிருந்தது, எண்ணெய் விட்டுத் திறந்தோம். நான் அறை அறையாகப் படம் எடுத்தேன். நூத்தி நாற்பது படம். மாடி ஏறினோம். தளத்தில் நாலு ஓடு விரிந்திருந்தது. அடியில் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தோம், ஒன்றில் மட்டும் சத்தம் மாறியது. மத்தது கெட்டியா இருக்கு. ஏழு பேரும் நினைச்சிட்டிருந்த அளவுக்கு வீடு மோசமில்லை. இந்த ஒரு தகவல் இல்லாமலேயே இத்தனை நாளும் எல்லாரும் சண்டை போட்டிருக்கோம்.

கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று, முழங்கை உயரம். பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து, கொத்துக்கரண்டியால் வேரைத் தோண்டி எடுத்தார். "வித்தாலும் விக்கலாம் பாப்பா. அதுவரைக்கும் இது ஒழுகக் கூடாது"ன்னார்.

அந்த ஏழு பேருக்கும் படங்களையெல்லாம் அனுப்பிட்டேன். சித்தப்பா ராத்திரி ஒரு படத்தை மட்டும் திருப்பி அனுப்பினார். முற்றத்துப் படிக்கட்டு. "இதுல விழுந்துதான் எனக்கு நெத்தியில தழும்பு"ன்னு எழுதியிருந்தார். விற்கலாம் என்று சொன்ன நாலு பேரில் ஒருத்தர் அவர்.

நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கேலரியை மறுபடி ஒருமுறை தேடிப் பாருங்க. அந்தப் போட்டோ இல்லைன்னா, இந்த வார லீவுக்கே ஊருக்கு ஒரு டிக்கெட் போடுங்க.